அயலார் செலவில் வந்த வழக்கறிஞர்கள்

நியாயஸ்தலங்களின் சரித்திரத்தை எழுதுவோர் நீதிபதியின் ஆசனத்தையும் குற்றவாளிக் கூண்டையும் பற்றியே பெரும்பாலும் விரித்தெழுதுவார்கள். அவ்விரண்டுக்கும் இடையே கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்து நடமாடுகிற இளம் வழக்கறிஞர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருடைய செலவில் வந்தார்கள், அவர்களுடைய உணவுக்கும் உறையுளுக்கும் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அநேகமாக ஒரு வரியும் இராது. சாதாரண நீதிமன்றங்களைப் பொறுத்தவரையில் இந்த மௌனத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஜில்லா கோர்ட்டில் தொழில் பழகும் ஜூனியர், சீனியரின் அறையிலே உட்கார்ந்து, வீட்டுச் சோற்றை உண்டு, நாலைந்து வருஷங்களில் தானே காலூன்றிவிடுவார் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் போர்க்குற்றங்களையும் இனப்படுகொலையையும் விசாரிப்பதற்கென்று ஏற்பட்ட சர்வதேச நியாயஸ்தலங்களுக்குச் சொந்தமாக ஒரு தேசம் இல்லை, வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தொழில் சொல்லிக்கொடுக்கும் வழக்கறிஞர் சமூகமும் ஆரம்பத்தில் இல்லை. ஆகையால் அங்கே செலவு கொடுத்தவர் யார் என்பதைத் தேடிக் கண்டால், அந்தத் தொழிலைக் கற்றவர் யார், கற்காமல் வெளியே நின்றவர் யார் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

அரசாங்கங்களின் செலவில் வழக்கறிஞர்கள் வரும் வழக்கம் நூரம்பர்க்கில் தொடங்கிற்று. 1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் கையொப்பமான சாசனத்தின்படி நாஜித் தலைவர்களை விசாரிக்க நான்கு வல்லரசுகள் ஒன்றுகூடி அமைத்த அந்த ராணுவ நியாயஸ்தலத்தில், வழக்கு நடத்திய சட்ட வல்லுநர்கள் யாவரும் தத்தம் அரசாங்கத்தின் சம்பளத்தில் வந்தவர்கள். பலர் ராணுவ உடையோடே வந்தவர்கள். பிரதான விசாரணை 1946 அக்டோபர் 1 அன்று தீர்ப்போடு முடிந்த பிறகு, அதே நகரில் அமெரிக்கர்கள் தனியாக நடத்திய பன்னிரண்டு வழக்குகளில் ஒன்று, இந்தத் தொழிலின் பொருளாதாரத்தை நன்றாக விளக்கும். பெஞ்சமின் ஃபெரென்ஸ் என்பவர் டிரான்சில்வேனியாவில் பிறந்து, ஏழைக் குடியேறிகளின் குழந்தையாக அமெரிக்கா வந்து, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். படிக்கும்போதே பேராசிரியர் ஷெல்டன் க்ளூக் போர்க்குற்றங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர். பிறகு சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, விடுவிக்கப்பட்ட வதைமுகாம்களில் சாட்சியம் திரட்டியவர். போருக்குப் பின் அவருடைய குழுவினர் பெர்லினில் ஆவணங்களைத் துருவிக்கொண்டிருந்தபோது, ஐன்சாட்ஸ்குரூப்பன் என்ற நாஜிக் கொலைப்படைகள் நாள்தோறும் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் அகப்பட்டன: இன்ன ஊரில் இத்தனை பேர், இன்ன தேதியில் இத்தனை பேர் என்று கொன்றவர்களே எழுதிய கணக்கு. ஃபெரென்ஸ் ஒரு சிறு கூட்டல் யந்திரத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொகைகளைக் கூட்டிக்கொண்டே போனார். பத்து லட்சத்தைத் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, நூரம்பர்க்குக்கு விமானமேறி, பிரதம வழக்குரைஞராகிய டெல்ஃபோர்டு டெய்லர் முன்னே போய் நின்றார்.

அப்போது டெய்லர் சொன்ன தடை சட்டத்தைப் பற்றியதன்று. பணத்தையும் ஆளையும் பற்றியது. வழக்குகளின் திட்டம் முடிவாகிவிட்டது, புதிதாக வழக்கறிஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க வாஷிங்டன் இசையுமென்று தோன்றவில்லை என்பதே அவருடைய கவலை. கையிலுள்ள வேலையோடு இதையும் தாமே பார்ப்பதாக ஃபெரென்ஸ் ஒப்புக்கொண்ட பின்னரே, மனித சரித்திரத்தின் மிகப் பெரிய கொலை வழக்குகளில் ஒன்று நியாயஸ்தலத்தின் வாசலை மிதித்தது. அப்போது அவருக்கு வயது 27. அதற்கு முன் அவர் ஒரு வழக்கும் நடத்தியதில்லை. குற்றவாளிக் கூண்டில் இருந்த ஆசனங்களுக்குத் தக்கபடி 24 பேர் மீது மட்டுமே குற்றம் சாட்டப்பட்டது. சாட்சிகளைக் கூப்பிடாமல் அந்த அறிக்கைகளையே ஆதாரமாக வைத்து, இரண்டே நாளில் தம் தரப்பை அவர் முடித்தார். தீர்ப்புப் பெற்ற 22 பேரும் குற்றவாளிகளென்றே முடிவாயிற்று. 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஓர் இளைஞனின் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற சில்லறை விஷயத்தில், பத்து லட்சம் பேரின் மரணம் விசாரிக்கப்படுமா மாட்டாதா என்பது தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

டோக்கியோவின் கதை நமக்கு இன்னும் கிட்டியது. அங்கே ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்க நியாயஸ்தலத்தை அமைத்த 1946 ஜனவரிச் சாசனத்தில் இந்தியாவுக்கு இடமில்லை. அதே வருஷம் ஏப்ரலில் சாசனத்தைத் திருத்தியபோதுதான் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்க்கப்பட்டன. நீதிபதியாகச் சென்ற ராதாவினோத் பாலும் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் பிரசித்தமானவை. ஆனால் இந்தியாவின் சார்பில் வழக்குரைஞராகச் சென்றவர் சென்னையிலிருந்து போனவர் என்பதைச் சொல்வார் அரிது. பி. கோவிந்த மேனன், சென்னை ராஜதானியில் அரசாங்க வழக்கறிஞராக இருந்தவர்; இந்திய சர்க்காரின் செலவிலே டோக்கியோ சென்று, பல தேசத்து வழக்குரைஞர்களோடு கலந்து பணியாற்றிவிட்டு, 1947இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார்; 1956இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு உயர்ந்து, மறுவருஷமே காலமானார். நம் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் சர்வதேசக் குற்ற விசாரணையில் நேராகக் கைவைத்துத் தொழில் செய்தது அதுவே முதல்முறை என்று கருதுகிறேன். அந்த அனுபவம் அவரோடு நின்றுவிட்டது. அவருக்குப் பின் ஒருவரைப் பழக்குவதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை.

டோக்கியோவில் நிகழ்ந்த இன்னொரு காரியத்தையும் இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. ஆங்கில-அமெரிக்க வழக்கு முறையில் பழக்கமில்லாத ஜப்பானிய வழக்கறிஞர்கள் தங்கள் கட்சியைச் சரிவர எடுத்துச் சொல்ல இயலாது என்பதை உணர்ந்து, வென்ற நாடாகிய அமெரிக்காவே தன் செலவில் தன் தேசத்து வழக்கறிஞர்களைத் தோற்ற நாட்டுப் பிரதிவாதிகளுக்குத் துணையாக அனுப்பிற்று. அப்படி வந்தவர்களில் ஒருவரான மேஜர் பென் புரூஸ் பிளேக்னி, 1946 மே மாதத்தில் அதே நியாயஸ்தலத்தில் எழுந்து நின்று, ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டதைக் கொலையென்று எவரும் விசாரிக்கவில்லையே என்று தம் சொந்த அரசாங்கத்தின் செய்கையையே எடுத்துக்காட்டி வாதித்தார். சம்பளம் கொடுத்த கைக்கு விரோதமாகவும் பேசும் சுதந்திரத்தோடு ஒரு வழக்கறிஞரை அனுப்ப முடியும் என்பதற்கு அதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை. பிற்காலத்தில் சர்வதேச நியாயஸ்தலங்களுக்கு ஆள் அனுப்பிய அரசாங்கங்கள் பெரும்பாலும் வழக்குத் தொடுப்பவர் பக்கத்துக்கே அனுப்பின; எதிர்வாதம் செய்வோருக்கு ஆள் கொடுக்க எந்த அரசாங்கமும் அவ்வளவு விரைவாக முன்வரவில்லை.

அதற்குப் பின் நாற்பத்தைந்து வருஷங்கள் வெறுமையானவை. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை சர்வதேசக் குற்றவியல் நியாயஸ்தலம் ஒன்றைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தும், வல்லரசுகளின் பனிப்போர் அதைக் காகிதத்திலேயே நிறுத்திவைத்தது. நூரம்பர்க்கிலும் டோக்கியோவிலும் தொழில் பழகியவர்கள் முதுமையடைந்தார்கள்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993 மே 25 அன்று 827ஆம் தீர்மானத்தால் முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான நியாயஸ்தலத்தை ஹேக் நகரில் நிறுவியபோது, அதற்கு அவ்வருஷம் கிடைத்த தொகை 2,76,000 டாலர். மறு வருஷத்துக்கு 1 கோடியே 8 லட்சம் டாலர். பதினொரு நீதிபதிகள் நவம்பரில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று விசாரணை மண்டபம் இல்லை, சிறை இல்லை, கைதி இல்லை. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கட்டடத்தில் இடம் பிடித்துக்கொண்டு, வழக்கு நடைமுறை விதிகளைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். முதலில் நியமனமான பிரதம வழக்குரைஞர் பதவியில் நிலைக்காமல் விலகிக்கொள்ள, தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்டு கோல்ட்ஸ்டோன் 1994 ஆகஸ்டில் வந்துதான் பொறுப்பேற்றார். அதுவரை நாஜிப் போர்க்குற்றங்களைத் துலக்கிய அனுபவமுள்ள ஆஸ்திரேலியர் கிரஹாம் பிளூவிட் துணை வழக்குரைஞராக அலுவலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். போஸ்னியாவில் கொலை நடந்துகொண்டிருக்க, ஹேகில் மேஜையும் நாற்காலியும் வந்துகொண்டிருந்த காலம் அது.

இந்நிலையில் அரசாங்கங்கள் தங்கள் சம்பளத்திலேயே வழக்கறிஞர்களையும் புலனாய்வாளர்களையும் இரவலாக அனுப்பத் தொடங்கின. அமெரிக்கா மட்டும் 1994இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிற்று. மேற்கு நாடுகள் வேறு சிலவும் அவ்வாறே செய்தன. இவர்கள் இல்லாமல் முதல் குற்றப்பத்திரிகைகள் அவ்வளவு சீக்கிரம் தயாராகியிருக்க மாட்டா. 1996 மே மாதத்தில் டுஷ்கோ டாடிச் மீதான முதல் விசாரணை தொடங்கியிருப்பதும் சந்தேகமே. அந்த உபகாரத்தை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் இரவல் மாட்டைக் கட்டி உழுகிறவன், மாட்டுக்காரன் திரும்பக் கேட்கும் நாளையே எண்ணிக்கொண்டு ஏர் பிடிக்க வேண்டியவனாகிறான். அனுப்பிய அரசாங்கம் திருப்பி அழைத்தால் பாதி வழக்கோடு ஆள் போய்விடுவார். அவர் கற்றதெல்லாம் அவரோடு அவர் தேசத்துக்குப் போய்விடும். அதற்கும் மேலாக, ஆள் அனுப்பும் வசதி படைத்த நாடுகளின் சட்ட மரபே நியாயஸ்தலத்தின் மரபாக இறுகிவிடுகிறது என்று ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் ஐ.நா.வில் முறையிட்டன. 1997 செப்டம்பர் 15 அன்று பொதுச்சபை 51/243ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, இலவச ஊழியரை அபூர்வமான சந்தர்ப்பங்களில் மட்டுமே ஏற்கலாமென்று வரையறுத்தது.

அந்த முறையீடு நியாயமானதென்றே நினைக்கிறேன். ஆனால் பரிகாரம் பாதியிலே நின்றது. வசதியுள்ள நாடுகள் அனுப்பிய ஆட்களை வேண்டாமென்று சொன்னவர்கள், வசதியற்ற நாடுகளின் இளைஞர்கள் வந்து பழகுவதற்குப் பணம் ஒதுக்கவில்லை. காலியான மேஜைகளில் பலவற்றில் ஊதியமில்லாத பயிற்சியாளர்கள் வந்து அமர்ந்தார்கள். எவரும் திட்டமிட்டு வகுக்காத ஒரு புது வழக்கம் இப்படியே வேரூன்றிற்று.

அவர்கள் செய்த வேலை இன்னதென்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். புலனாய்வில் கிடைத்த ஒவ்வொரு காகிதத்துக்கும், பக்கத்துக்குப் பக்கம், ஒரு பதிவு எண் பொறிக்கப்படும்; அந்த எண் இல்லாத பக்கம் அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லாத பக்கம். சிரெப்ரெனிட்சாப் படுகொலை வழக்கில், போஸ்னியப் படையின் வானொலிக் காவலர்கள் எதிரிகளின் உரையாடல்களை ஒட்டுக்கேட்டு அவசர அவசரமாகக் கையால் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் முக்கியமான ஆதாரமாயின. ஒரே உரையாடலை வெவ்வேறு இடத்தில் கேட்டவர்கள் எழுதிய குறிப்புகளை அருகருகே வைத்து, நேரம் ஒத்துவருகிறதா, பெயர் ஒத்துவருகிறதா என்று வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு சாட்சி முதல் வாக்குமூலத்தில் சொன்னதையும் மண்டபத்தில் சொன்னதையும் ஒப்பிடுவது, குற்றச்சாட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறதென்று அட்டவணை போடுவது, நீதிபதி கேட்கக்கூடிய ஒரு சட்டக் கேள்விக்கு நாலு தேசத்துத் தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெழுதுவது ஆகிய காரியங்களே அந்த அலுவலகங்களின் அன்றாடம். ஆறு மாதம் இந்த வேலையில் உழன்றவருக்கு, பத்து வருஷம் புத்தகம் படித்தாலும் வராத தேர்ச்சி வந்துவிடும். பின்னாளில் அங்கே சம்பளத்தோடு உத்தியோகம் விளம்பரமானால், இந்தத் தேர்ச்சியைத்தான் கேட்பார்கள்.

ஆனால் ஹேகில் ஆறு மாதம் ஊதியமில்லாமல் வாழ்வதற்கு வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குத் துணி, விமானச் சீட்டு, விசாச் செலவு எல்லாம் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். கிகாலியிலோ டாக்காவிலோ ஆரம்பச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே, அரசாங்கத்தின் செலவில் வந்த பணக்கார நாட்டு வழக்கறிஞருக்குப் பதிலாகத் தகப்பனின் செலவில் வந்த பணக்கார நாட்டு மாணவர் வந்தார் என்பதே 1997இன் பலன். 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. பயிற்சியாளரான ஒரு வாலிபர் வாடகைக்கு வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கினார் என்ற செய்தி வெளிவந்தபோதுதான் உலகம் இதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. சர்வதேச நீதிமன்றமும் இதற்கு விலக்கன்று: அங்கே நீதிபதிகளிடம் பழகும் இளைஞர்களை நெடுங்காலம் அவரவர் பல்கலைக்கழகமே செலவு கொடுத்து அனுப்ப வேண்டியிருந்ததால், செல்வமிகுந்த பல்கலைக்கழகங்களின் பிள்ளைகளே நிறைந்திருந்தார்கள், ஏழை நாடுகளின் பட்டதாரிகளுக்காக ஒரு பொது நிதி ஏற்படப் பொதுச்சபையின் 2020 டிசம்பர்த் தீர்மானம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரியான மனிதர் சரியான இடத்தில் இருந்தால் என்ன விளையும் என்பதற்கு ஆருஷாவைப் பார்க்க வேண்டும். ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க 1994 நவம்பரில் ஏற்பட்ட நியாயஸ்தலம் டான்சானியாவின் ஆருஷாவில் அமர்ந்தது. அங்கே முதல் நான்கு வருஷங்களுக்கு ஒரே பெண் நீதிபதியாக இருந்தவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ்க் குடும்பமொன்றில் 1941இல் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். அந்தப் பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, அக்கம்பக்கத்து ஏழை இந்தியர்கள் தங்கள் சிறு வருமானத்திலிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1967இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் தொழில் தொடங்கிய முதல் வெள்ளையரல்லாத பெண்மணி அவர். நிறவெறிச் சட்டத்தின் கீழ் சிறைப்பட்டவர்களுக்காக வருஷக்கணக்கில் வாதாடியவர். பிறகு ஹார்வர்டில் மேற்படிப்பு முடித்தவர். டாபா கிராம நிர்வாகத்தின் தலைவனாயிருந்த ஆகாயேசு என்பவன் மீதான வழக்கில், ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் பலாத்காரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வேறெதையோ சொல்லும்போது இடையே அதுவும் வெளிவந்தது. அப்போது நீதிபதி பிள்ளை அவர்களைப் பொறுமையோடு கேட்டறிந்தார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பில், இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நியாயஸ்தலம் முதன்முறையாக ஒருவனைக் குற்றவாளியென்று முடிவுசெய்ததோடு, பலாத்காரமும் இனப்படுகொலையின் கருவியாகலாமென்று சட்டத்தை நிலைநிறுத்திற்று. கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்தார். அவரை அந்த ஆசனம் வரை கொண்டுசேர்த்த வழியின் முதற்படியை டர்பனின் தொழிலாளர்களுடைய பணம் கட்டியது. சர்வதேச நீதிக்காகச் செலவான பணத்திலே அதனினும் பயனுள்ள பணத்தை நான் அறியேன்.

ஹேக் நியாயஸ்தலம் தன் ஆயுட்காலத்தின் பின்பகுதியில் இந்த உண்மையைக் கண்டுகொண்டது. 161 பேர் மீது குற்றம் சாட்டிய அந்த ஸ்தாபனம் ஒருநாள் மூடப்படும். எஞ்சிய ஆயிரக்கணக்கான கொலைகாரர்களை சராயேவோவிலும் பெல்கிரேடிலும் சாக்ரெபிலும் உள்ள சொந்த நாட்டு நீதிமன்றங்களே விசாரிக்க வேண்டும். ஆனால் ஆவணங்களோ ஹேகில், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களோ அயல்நாட்டார். எனவே செர்ஜ் பிராமெர்ட்ஸ் பிரதம வழக்குரைஞராக இருந்தபோது, 2009இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியத்தோடு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது: போஸ்னியா, குரோஷியா, செர்பியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் ஒவ்வொரு வழக்குரைஞர் ஹேக் அலுவலகத்திலேயே மேஜை போட்டு அமர்ந்து, ஆவணக் களஞ்சியத்தைத் தாமே தேடிப் பார்த்து, வழக்கை முன்பு நடத்தியவர்களைக் கேட்டுத் தெளிந்து, தம் நாட்டு விசாரணைக்கு வேண்டியதைக் கொண்டுபோக வேண்டும், அவர்களோடு அப்பகுதியின் இளம் சட்டதாரிகளும் உபகாரச் சம்பளத்தோடு வந்து சில மாதம் பழகிச் செல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒருவரையொருவர் பீரங்கியால் பிளந்துகொண்ட மூன்று தேசத்தாரும், ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே ஆவணத்தைப் படித்தார்கள். பதினாறு வருஷம் தாமதமாக வந்தாலும், இத்துறையில் நடந்த தர்மங்களுள் இதற்கு முதலிடம் கொடுப்பேன். 2017 டிசம்பர் 31 அன்று அந்த நியாயஸ்தலம் மூடப்பட்ட பிறகும் அப்படிப் பழகியவர்கள் தத்தம் ஊரில் தொழிலில் இருந்தார்கள்.

1998 ஜூலை 17 அன்று ரோமில் 120 நாடுகளின் வாக்கோடு பிறந்து, 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சாசனத்தின் மீது நிற்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், முன்னோரின் அனுபவத்தை ஓரளவு கற்றே தொடங்கியது. இலவச ஊழியரை விசேஷ சந்தர்ப்பங்களில் மட்டுமே ஏற்கலாமென்று அந்தச் சாசனத்தின் 44ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாணவர்களுக்குப் பயிற்சி, அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கு வருகைதரு நிபுணர் என்ற இரு வாசல்களை அந்நீதிமன்றம் திறந்துவைத்தது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஊதியமில்லாத வாசல்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியமும் சில நாடுகளின் நன்கொடையும் சேர்ந்த நிதியிலிருந்து, வளரும் நாடுகளின் வழக்கறிஞர்கள் சிலருக்கு மட்டும் உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. நன்கொடை வந்த வருஷத்தில் இடமுண்டு. வராத வருஷத்தில் இல்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் மூண்ட உடனே, பிரதம வழக்குரைஞர் உறுப்பு நாடுகளிடம் நிபுணர்களை இரவலாகக் கேட்டபோது பல நாடுகள் விரைந்து அனுப்பின. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பொதுச்சபை அடைத்த வழி மறுபடியும் திறந்துகொண்டது. காங்கோவுக்காகவும் டார்ஃபூருக்காகவும் அந்த வேகத்தில் எவரும் ஆள் அனுப்பவில்லை என்பதை ஆப்பிரிக்கர் சொல்லிக்காட்டினால், அவர்களுக்குப் பதில் சொல்ல யாரிடமும் வார்த்தை இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். காயம் பட்ட தேசத்தின் வழக்கறிஞர், அதற்கு நீதி சொல்லும் அலுவலகத்தில் உட்கார்ந்து பழகுவதற்கான செலவை நன்கொடையாளரின் மனம்போல விட்டுவிடக் கூடாது. நீதிபதியின் சம்பளமும் மொழிபெயர்ப்பாளரின் சம்பளமும் எப்படி நிரந்தர வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுகின்றனவோ, அப்படியே இதுவும் இடம்பெற வேண்டும். எதிர்வாதம் செய்வோர் பக்கத்துக்கும் அதில் சமபங்கு இருக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்தில் சேராத நாடுகள். உபகாரச் சம்பளத்தில் உறுப்பு நாட்டாருக்கே முன்னுரிமை என்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இன்னும் குறுகலானது. ஆகையால் நம் சட்டக் கல்லூரிகளும் வழக்கறிஞர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருவருக்கேனும், ஆறு மாதத்துக்கேனும், ஹேகில் தங்கிப் பழகும் செலவை ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கோவிந்த மேனனை டோக்கியோவுக்கு அனுப்பிய ஊரிலிருந்து இன்னொருவரை அனுப்ப இத்தனை காலம் போதும்.